மேலாளர்கள் படிக்கும் வகுப்பறை

என் தம்பி ஓசூரில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேலாளர். டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்து, பிறகு பகுதி நேரமாக பி.இ. படித்து, படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்தவன். சென்ற ஆண்டு எம்.பி.ஏ. சேர்ந்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நாற்பது வயசுல எதுக்குடா? பிள்ளைங்க ரெண்டும் பையை மாட்டிக்கிட்டுப் போகுதுங்க, நீயும் கூடவே கிளம்பறியா?" என்றேன். "அக்கா, எங்க வகுப்புல என்னைவிடப் பெரியவங்க பாதிப் பேர் இருக்காங்க" என்றான்.

வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலை. சனி, ஞாயிறு காலையில் பேருந்து பிடித்துப் பெங்களூருவில் வகுப்பு. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கட்டுத் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கம். ஒரு நிறுவனத்தின் கதை. விற்பனை குறைகிறது, இரண்டு துறைத் தலைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள், நிர்வாக இயக்குநர் திங்கட்கிழமைக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதோடு முடிந்துவிட்டது. நான் பழக்க தோஷத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைத் தேடினேன். "விடை எங்கடா?" என்றேன். "விடை கிடையாதுக்கா. நீங்க அந்த நாற்காலியில இருந்தா என்ன செய்வீங்கன்னு வகுப்புல சொல்லணும். அவ்வளவுதான்."

அந்தத் தாளை நான் அவ்வளவு ஆவலோடு படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பணி ஓய்வு பெற்று, பணியிடம் நிரப்பப்படாமல் இருந்தது. பணி மூப்பில் அடுத்த ஆள் என்பதால் நான் பொறுப்புத் தலைமை ஆசிரியர். அறிவியல் பாடம் நடத்த எனக்குப் பி.எட்.-ல் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு ஆசிரியர்கள், ஒரு சமையலர், காலை உணவு, சத்துணவு, எமிஸ், பள்ளி மேலாண்மைக் குழு, பழுதான மோட்டார், ஓட்டை விழுந்த மேற்கூரை இவற்றையெல்லாம் ஒருசேர நடத்துவது எப்படி என்று எந்த ஊரிலும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் நிலை இதுதான். நல்ல ஆசிரியராக இருபது ஆண்டு இருந்தவர் ஒரு நாள் காலையில் நிர்வாகியாக எழுந்திருக்கிறார்.

தொழில் உலகத்திலும் இதே சிக்கல்தான். நல்ல பொறியாளரை மேலாளர் ஆக்குகிறார்கள். அவருக்கு இயந்திரம் தெரியும், மனிதர்களைத் தெரியாது. அவர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று தம்பி கொடுத்த புத்தகங்களைக் கொண்டும், வேறு சிலவற்றைத் தேடியும் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு உதவும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

மேலாண்மையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியது அமெரிக்கா. 1881-ல் பென்சில்வேனியாவில் வார்ட்டன் பள்ளி தொடங்கியது. 1908-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி தொடங்கியபோது எம்.பி.ஏ. என்ற பட்டம் பிறந்தது. தம்பி கையில் இருந்த அந்த விடையில்லாக் கதைக்கும் ஹார்வர்டுதான் ஊர். அங்கே சட்டக் கல்லூரியில் உண்மையான வழக்குகளைப் படிக்கவைத்துச் சட்டம் கற்பிக்கும் முறை முன்பே இருந்தது. 1919-ல் வணிகப் பள்ளிக்குத் தலைவராக வந்த வாலஸ் டோனம் ஒரு வழக்கறிஞர். வழக்குகளுக்குப் பதில் நிறுவனங்களின் நெருக்கடிகளை எழுதிக் கொடுத்து விவாதிக்க வைக்கும் வழக்கத்தை அவர் காலத்தில் உறுதியாக நிலைநாட்டினார்கள். வகுப்பில் ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. ஒருவரை எழுப்பி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். அடுத்தவரைப் பார்த்து, "அவர் சொன்னது சரியா?" என்கிறார். மணி அடிக்கும்வரை அதுதான் வகுப்பு.

இதெல்லாம் வேலைக்குப் போகாத இளைஞர்களுக்கு. வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பைப் போர்க்காலம்தான் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆலைகள் இரவு பகலாக ஓடின. பொறுப்பில் இருந்தவர்களை இரண்டு ஆண்டு கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே ஓர் எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கியது. இன்று எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்று சொல்லப்படும் வகைப் படிப்புகளுக்கு அதுதான் முன்னோடி. சில ஆண்டு அனுபவம் இருந்தால்தான் சேர்க்கை, வேலையை விடாமல் வார இறுதியிலோ மாதத்தில் சில நாட்களிலோ வகுப்பு, அலுவலகத்தில் உள்ள பிரச்சினையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது என்ற சட்டகம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

போர் முடியும் தறுவாயில் இங்கிலாந்து வேறொரு வழியில் போனது. ஹென்லி என்ற ஊரில் தேம்ஸ் நதிக்கரையில் நிர்வாகிகள் கல்லூரி ஒன்று 1945-ல் நிறுவப்பட்டு, 1948-ல் முதல் வகுப்பு நடந்தது. அங்கே விரிவுரைக்கு முக்கியத்துவம் இல்லை. அரசுத் துறை, தனியார் நிறுவனம், வங்கி என்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவர்களைப் பத்துப் பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிடுவார். குழுத் தலைமைப் பொறுப்பு ஆளுக்கு ஒரு தடவை வரும். இந்த முறையைப் பார்த்துத்தான் 1956-ல் நம் அரசும் தொழில் துறையும் சேர்ந்து ஹைதராபாத்தில் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரியை அமைத்தன. அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-ல்தான் வந்தன. நம் நாட்டில் பட்டத்துக்குப் படிக்கும் மாணவருக்கு ஐ.ஐ.எம். வருமுன்பே பணியில் இருந்த நிர்வாகிகளுக்கு ஒரு கல்லூரி வந்துவிட்டது என்பது எனக்குப் புதுச் செய்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985-ல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987-ல் முதன்முதலாகப் பாடம் தொடங்கியபோது இரண்டே பட்டயப் படிப்புகள்தான் இருந்தன. ஒன்று தொலைநிலைக் கல்வி, மற்றொன்று மேலாண்மை. வேலையில் இருப்பவர்கள் அஞ்சலில் வந்த புத்தகத்தைப் படித்து மேலாளராகும் கதவு அப்போது திறந்தது. நம் ஊரில் வங்கியிலும் ஆலையிலும் பொறுப்பில் இருக்கும் எத்தனையோ பேர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்.

இவ்வளவு படித்தபின் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. மேலாளர் என்பவர் உண்மையில் நாள் முழுவதும் என்ன செய்கிறார்?

இதே கேள்வியைக் கேட்டவர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். திட்டமிடுவது, ஒழுங்கமைப்பது, கட்டுப்படுத்துவது என்று பாடநூல்கள் மேலாளரின் வேலையை அழகாகப் பிரித்து வைத்திருந்தன. இவர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்து பெரிய நிறுவனத் தலைவர்களுடன் ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, அவர்கள் செய்ததையெல்லாம் நேரத்தோடு குறித்தார். 1973-ல் அது புத்தகமாக வந்தது. அமைதியாக உட்கார்ந்து திட்டமிடும் மேலாளரை அவர் எங்கும் பார்க்கவில்லை. அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தவை பத்தில் ஒன்று. நாள் முழுக்கக் குறுக்கீடு. எழுத்தைவிடப் பேச்சே அதிகம்.

இதைப் படித்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு காலை எட்டே முக்காலிலிருந்து குறிக்க ஆரம்பித்தேன். மோட்டார் ஓடவில்லை, எலக்ட்ரீஷியனுக்கு போன். காலை உணவில் உப்பு கூடிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பையன் முழங்காலில் ரத்தம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த அப்பா, பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு, 'உடனடி' என்று ஒரு பட்டியல். எமிஸ் வருகைப் பதிவில் ஒரு வகுப்பு விடுபட்டிருக்கிறது. ஏழாம் வகுப்பில் ஒளி விலகல் நடத்தப் போய்ப் பாதியில் வெளியே வந்தேன். கழிவறைப் பக்கம் பாம்பு என்று பிள்ளைகள் கூச்சல். போய்ப் பார்த்தால் சாரை. மாலை நாலேகாலுக்கு எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொரு வேலைகள். பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தவை ஒன்பது. எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. இத்தனை நாளும் எனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்து இரவில் புரண்டு படுத்தவள் நான். வேலையின் இயல்பே அப்படித்தான் என்று எங்கோ கனடாவில் ஒருவர் ஐம்பது ஆண்டுக்கு முன் எழுதி வைத்திருக்கிறார்.

ஆறுதல் சரி. ஆனால் அந்த அறுபத்தொன்றில் ஒன்றுகூட நான் தேர்ந்தெடுத்த வேலை இல்லை என்பதும் நோட்டில் தெரிந்தது. யார் வந்து கதவைத் தட்டினார்களோ அவர்கள்தான் என் நாளை நடத்தியிருக்கிறார்கள். கதவைத் தட்டாத பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இதைப் பின்னால் சொல்கிறேன்.

மின்ட்ஸ்பெர்க் ஆய்வோடு நிற்கவில்லை. நிர்வாகம் என்பது செய்து பழகும் தொழில், அனுபவமே இல்லாத இளைஞரை வகுப்பறையில் உட்காரவைத்து மேலாளராக்கி அனுப்ப முடியாது, வழக்கமான எம்.பி.ஏ. தவறான ஆட்களுக்குத் தவறான முறையில் கற்பிக்கிறது என்று கடுமையாகவே எழுதினார். இது எனக்கு உடனே பிடிபட்டது. பி.எட்.-ல் எனக்கு நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சி. பியாஜேயும் புரூனரும் அப்போது தேர்வுக்குப் படித்த பெயர்கள். ஐந்து ஆண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டியபின் ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பழைய புத்தகத்தைத் தூசி தட்டிப் படித்தேன். வரிக்கு வரி ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது. அதே புத்தகம்தான், இடையில் அனுபவம் வந்திருந்தது.

குறை சொன்னவரிடம் "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்களாம். 1996-ல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து பணியில் உள்ள மேலாளர்களுக்கென ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார்கள். கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாட்டு நிறுவனங்களோடு நம் ஐ.ஐ.எம். பெங்களூருவும் அதில் பங்காளி. சில மாதத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ இரண்டு வார வகுப்பு, ஒவ்வொரு முறையும் வேறு நாட்டில். நடுவில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கணக்கு, சந்தை, மனிதவளம் என்று பாடங்களைப் பிரிக்காமல் மனநிலைகளாகப் பிரித்தார்கள். தன்னைத் திரும்பிப் பார்ப்பது, பகுத்து ஆராய்வது, அடுத்தவர் உலகத்தைப் புரிந்துகொள்வது, சேர்ந்து செய்வது, செயலில் இறங்குவது என ஐந்து. அடுத்தவர் உலகத்தைப் புரிந்துகொள்ளும் பகுதிக்குத்தான் பெங்களூரு.

அந்த வகுப்பின் நடைமுறைகளில் மூன்று என்னை ஈர்த்தன. மேசைகள் வட்டமாக இருக்கும். வரிசைப் பெஞ்சு கிடையாது. வகுப்பு நேரத்தில் பாதி ஆசிரியருக்கு, பாதி பங்கேற்பாளர்களுக்கு. ஆசிரியர் சொன்னதைத் தன் அலுவலகத்தோடு ஒப்பிட்டு அவர்கள் மேசையில் பேச வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் முதல் வேலை, நேற்றைய நாளைப் பற்றித் தன் நோட்டில் அமைதியாக எழுதுவது. பிறகு மேசையில் பகிர்வது. பிறகு எல்லோரும் பெரிய வட்டமாக உட்கார்ந்து பேசுவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பணியிடத்துக்கு மற்றவர் போய்க் கிட்டத்தட்ட ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்து, பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆய்வு அலுவலராகப் போவதில்லை, அறிவுரை சொல்லவும் போவதில்லை. வெறும் கண்ணாடியாகப் போகிறார்கள்.

நம் குறுவள மையக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். நான் கருத்தாளராகவும் போயிருக்கிறேன், பங்கேற்பாளராகவும் போயிருக்கிறேன். குறை சொல்ல எழுதவில்லை. 'எண்ணும் எழுத்தும்' பயிற்சியில் எங்கள் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் கற்று வந்தவற்றை வகுப்பில் பார்க்கிறேன். ஆனால் மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் நாம் பேசிக்கொள்கிறோமே, "எங்க ஸ்கூல்ல இந்தப் பிரச்சினை, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று, அந்தப் பேச்சுக்கு நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்கியதில்லை. அதற்குத்தான் பாதி நேரம் என்கிறார் மின்ட்ஸ்பெர்க்.

வேப்பமரத்தடிப் பேச்சையே ஒரு முறையாக்கியவர் இன்னொருவர் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ரெஜினால்டு ரெவன்ஸ். கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வகத்தில் இயற்பியல் ஆராய்ந்தவர். பிறகு எசெக்ஸ் மாவட்டத்தில் கல்வி அலுவலர், அதாவது நம் துறைக்காரர். அதன்பின் நிலக்கரிச் சுரங்கத் துறையில் பயிற்சிப் பொறுப்புக்குப் போனார். சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணரை அழைத்து வந்து பாடம் நடத்துவதைவிட, அவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, தம் சுரங்கத்தின் தீராத பிரச்சினைகளை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்கச் செய்வதே பலன் தரும் என்றார். கற்றல் என்பது ஏற்கெனவே தொகுத்து வைத்த அறிவும், நல்ல கேள்வியும் சேர்ந்தது. முதலாவது புத்தகத்தில் கிடைக்கும், இரண்டாவது உன்னைப் போலவே சிக்கலில் இருப்பவரிடம்தான் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் லண்டன் மருத்துவமனைகளிலும் இதைச் செய்தார். செயல்வழிக் கற்றல் என்றே இதைச் சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு நம் தொடக்கப் பள்ளிகளில் வேறு பொருள் பழகிவிட்டதால், நான் கேள்விக் குழு என்று வைத்துக்கொண்டேன்.

இதற்குப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். நான்கைந்து பேர் போதும். எனவே செய்து பார்த்தோம்.

எங்கள் குறுவள மையத்தைச் சேர்ந்த ஐந்து தலைமை ஆசிரியர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு ஒரு மாதம் முறை. முறை வருபவர் தன் பள்ளியின் ஒரு சிக்கலைப் பத்து நிமிடம் சொல்வார். அடுத்த நாற்பது நிமிடம் மற்ற நால்வரும் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும். அறிவுரை கூடாது. "எங்க ஸ்கூல்ல நான் இப்படிச் செஞ்சேன்" என்ற கதையும் கூடாது. கடைசியில் அவர் அடுத்த மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரி எழுதிப் படிப்பார். பேசியது வெளியே போகாது.

முதல் கூட்டம் சொதப்பல். ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பதைப் போலக் கடினமான வேலை வேறில்லை. எங்களில் மூத்தவரான ஒரு சார், "நீங்க ஏன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசக்கூடாது?" என்று கேட்டார். "சார், அது கேள்வி மாதிரி இருக்கிற அறிவுரை" என்றார் பக்கத்தில் இருந்த டீச்சர். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

இரண்டாவது மாதம் என் முறை. திங்கட்கிழமைகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவது குறைகிறது என்று சொன்னேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியதையும், பெற்றோருக்குத் தாள் அனுப்பியதையும், வகுப்பாசிரியர்களைக் கடிந்துகொண்டதையும் சொன்னேன். அந்த மூத்த சார் கேட்டார்: "போன திங்கட்கிழமை வராத பிள்ளைங்க பேரைச் சொல்லுங்க டீச்சர்." என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை தெரியும், விழுக்காடு தெரியும், எமிஸில் பார்த்து மூன்று மாதத்து நிலவரம் சொல்லுவேன். பெயர் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டாகப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய வாய் அது. பொறுப்புக்கு வந்த ஏழு மாதத்தில் என் கண்ணில் அவர்கள் எண்ணாகிவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த மாதம் நான் எழுதிய ஒரு வரி, 'ஒன்பது வீட்டுக்குப் போய்வருவேன்.' திங்கட்கிழமைகளில் தொடர்ந்து விடுபட்டவர்கள் ஒன்பது பேர். திங்கள் பக்கத்து ஊரில் வாரச் சந்தை. நான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறார்கள்; இவர்கள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று பேர் சந்தைக்கே கூடப் போகிறார்கள், எடை போட்டுக் கணக்குப் பார்க்க. கால் கிலோ, முக்கால் கிலோ விலையை அவர்கள் மனக்கணக்காகச் சொல்வதைக் கேட்டேன்; வகுப்பில் பின்னம் வரவில்லை என்று குறிக்கப்பட்ட பையன் அதில் ஒருவன். எட்டாவது பையன் சனி, ஞாயிறு அப்பா ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் மதியப் பேருந்தில்தான் திரும்புகிறான். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இல்லை.

ஒன்பதாவது, எட்டாம் வகுப்புப் பெண். அவள் அம்மா சாமந்தித் தோட்டத்தில் கூலி. திங்கட்கிழமை காலையில்தான் குழுக் கடன் தவணை கட்டும் கூட்டம். அம்மா அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். அன்றைய கூலி போகக்கூடாது என்று இவள் பூப்பறிக்கப் போகிறாள். "ஒரு நாள்தானே டீச்சர்" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. எல்லா வாரமும் அந்த ஒரு நாள் உண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். முதல் நான்கு பிள்ளைகளில் மூவரின் தம்பி தங்கைகள் இரண்டு வயது தாண்டியவர்கள். அங்கன்வாடி எங்கள் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் எட்டரைக்கே வந்து திறக்கிறேன் என்று அங்கன்வாடிப் பணியாளர் தாமாக ஒப்புக்கொண்டார். அந்த மூவரும் இப்போது வருகிறார்கள். சந்தைக்குப் போகும் பிள்ளைகளில் இருவர் வருகிறார்கள், ஒருவன் வந்தும் வராமலும். பேருந்துப் பையனின் அப்பாவிடம் பேசி, ஞாயிறு மாலையே அனுப்பச் சொல்லியிருக்கிறோம். சில வாரம் நடக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டுப் பிள்ளையும், பூப்பறிக்கப் போகும் பெண்ணும் இன்னும் திங்கட்கிழமைகளில் வருவதில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் வகுப்பிலும் ஆஜராகாமை பற்றி ஒரு பாடம் நடந்ததாம். தொழிலாளர் வராத நாட்களைக் குறைக்க ஊக்கத்தொகை, பேருந்து வசதி என்றெல்லாம் விவாதித்தார்களாம். பிறகு அவனே சொன்னான்: "எங்களுக்கு ஒரு பீஸ் சரியில்லன்னா ஒதுக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்க்கா. ஒன்பதுல ஏழு வந்துச்சுன்னா எங்க ரிப்போர்ட்ல அது வெற்றி. உங்களுக்கு அப்படி எழுத முடியாதே." மேலாண்மைப் படிப்பிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இலக்கு, தரவரிசை, வெளியீடு என்ற சொற்கள் நம் படிவங்களுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. அவர்களிடமிருந்து நாம் வாங்க வேண்டியது அந்தச் சொற்களை அல்ல, வட்ட மேசையையும் கேள்வியையும்தான் என்பது என் எண்ணம்.

முறையாகவே படிக்க விரும்பும் நண்பர்களுக்கு வழிகள் இருக்கின்றன. புதுதில்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. பள்ளித் தலைமையும் மேலாண்மையும் பற்றி இணையவழிப் பாடமும் நடத்துகிறார்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மை, நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பொதுவான எம்.பி.ஏ.-வைத்தான் படிக்கப்போகிறேன் என்றால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். பெரிய நிறுவனங்களின் வார இறுதிப் படிப்புகளுக்குக் கட்டணம் பல லட்சம். தம்பிக்கு நிறுவனம் பாதி கட்டுகிறது. மீதிப் பாதிக்கு வங்கிக் கடன். அவன் மனைவி இரண்டு ஆண்டாக ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே பார்க்கவில்லை, அந்தக் கணக்கு எந்தக் கட்டண ரசீதிலும் வராது. தொலைநிலையில் சேர்வதானால் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் உள்ளதா என்று குழுவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். துறை அனுமதி பெறுவதையும் மறக்க வேண்டாம். சேர்ந்த பிறகு அனுமதிக்கு அலைந்த தோழி ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்விக் குழு தொடங்க நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏழு பேர் ஆனதும் கூட்டமாகிவிடுகிறது. ஒரே பள்ளிக்குள் செய்வதானால் தலைமை ஆசிரியர் முதலில் தன் சிக்கலைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கடிகாரம் பார்க்க ஒருவர் வேண்டும். அலைபேசிகள் ஒரு கூடையில். அலுவலர்கள் யாரையும் அழைக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அறிக்கை எழுதாதீர்கள், புகைப்படம் எடுக்காதீர்கள். எடுத்த உடனே அது இன்னொரு கூட்டமாகிவிடும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பாட ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் திரும்பத் திரும்பத் தவறும் பிள்ளைகளைப் பற்றிப் பேச நான்கு கணக்கு ஆசிரியர்கள் போதும்.

இப்போது காலையில் நான் பள்ளிக்குள் நுழைந்ததும் கதவைத் தட்டுபவர்களுக்கு முன், முந்தைய நாள் வராத பிள்ளைகள் மூன்று பேரின் பெயரையாவது அந்த நாற்பது பக்க நோட்டில் எழுதிவிடுகிறேன். மோட்டார் காத்திருக்கும். பெரும்பாலும் காத்திருக்கிறது.

வரும் மாதம் கூட்டம் மலையடிவாரத்தில் உள்ள ஈராசிரியர் பள்ளியில். அங்கே முறை அந்த மூத்த சாருக்கு. என்ன சிக்கல் என்று கேட்டேன், சனிக்கிழமை சொல்கிறேன் என்றுவிட்டார். என் முறை மீண்டும் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சாமந்திப் பூ பறிக்கும் அந்தப் பெண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.